ரெண்டு மூக்கு வள்ளத்துக்கு ஒரு மோட்டார்

செப்டம்பர் 1, ஞாயிறு

வள்ளம் முடிந்துவிட்டது. இதை நான் அறிவிக்கவில்லை, மனைவி ஐடா அறிவித்தாள். "முடிஞ்சுதா? அப்போ இனியாவது காரை உள்ள விடுங்க. மழையில நின்னு நின்னு எல் போர்டே வெளுத்துப் போச்சு" என்றாள்.

தெங்கம்புதூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் வீட்டில் கார் ரோட்டிலும் வள்ளம் ஷெட்டிலும் நிற்பதைப் பற்றி ஊரில் இரண்டு கதை ஓடுகிறது. ஒன்று, ஜாண்றோஸ் இனி வள்ளத்துக்கும் லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கப் போகிறான். இன்னொன்று, பிரளயம் வரப்போவதாக எனக்குத் தரிசனம் கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு வில்பிரட் சார் இரண்டாவதைத்தான் நம்புகிறார். "ஜோடி ஜோடியா ஏத்துவேன்னா நம்மள மறந்துராதப்பா" என்று சுவருக்கு மேலாகச் சொல்லிவிட்டுப் போனார். மிஸஸ் வில்பிரட்டைச் சேர்த்துச் சொன்னாரா, வேறு யாரையாவதா என்று தெளிவாக இல்லை.

அயினிப் பலகை. மணக்குடிக் காயலில் சின்ன வயசு முதல் பார்த்த வள்ளம் மாதிரியே இரண்டு முனையும் கூராக வைத்திருக்கிறேன்.

"இதுல எது முன்னால?" என்றாள் ஐடா.

"எந்தப் பக்கம் போறமோ அது முன்னால."

"உங்க புத்தி மாதிரியே செஞ்சிருக்கீங்க."

இனி மோட்டார்தான் பாக்கி. கரண்டில் ஓடுகிற சின்ன மோட்டார் இருக்கிறது, பேட்டரியில் மாட்டினால் சத்தமே இல்லாமல் வள்ளத்தைத் தள்ளும் என்று போனில் பார்த்து வைத்திருக்கிறேன்.

"மணக்குடியில எல்லாரும் பெட்ரோல் எஞ்சின்தான வச்சிருக்காவ?"

"அந்தச் சத்தத்துல மீன் ஓடிரும்."

"நீங்க பிடிக்கப் போற மீனு சத்தம் இல்லேன்னாலும் ஓடும்" என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கொச்சியில் மோட்டார் விற்கிற கடைக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் பெயர் ஷிஜு. அம்மா மார்த்தாண்டமாம், அதனால் தமிழ் நம்ம ஊர்த் தமிழ்.

"எத்தனை பவுண்டு தள்ளுற மோட்டார் வேணும் சார்?"

பவுண்டு என்றால் எனக்கு ரொட்டிதான் தெரியும். நாற்பது இருக்கிறதாம், ஐம்பத்தைந்து இருக்கிறதாம், எண்பதும் இருக்கிறதாம். எண்பது என்றால் பேட்டரி இரண்டு வேண்டுமாம். வள்ளத்தின் நீளம் கேட்டான், சொன்னேன். கனம் கேட்டான், தோராயமாகச் சொன்னேன். "எத்தனை பேர் ஏறுவீங்க?" என்று கேட்டான்.

இது ஒரு கேள்வியா? டிரைவிங் ஸ்கூலில் ஒரு நாளைக்கு நூறு கேள்விக்குப் பதில் சொல்கிறவன். கிளட்ச் எதற்கு என்று கேட்ட தாசில்தாருக்கே பதில் சொல்லியிருக்கிறேன். இதற்குப் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒருத்தரா, ரெண்டு பேரா சார்?"

"அது... வந்து... பாக்கணும்."

"சார் பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்று மரியாதையாக வைத்துவிட்டான்.

செப்டம்பர் 4, புதன்

நாற்பதா, ஐம்பத்தைந்தா? இன்று டூவீலர் லைசென்ஸுக்கு வந்த பெண்ணிடம் ஐம்பத்தைந்தில் போகச் சொல்லிவிட்டேன். டெஸ்ட் மைதானத்தில்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கோயில் முடிந்து கீழமணக்குடிக்கு, வசந்தபாய் அக்கா வீட்டுக்குப் போனேன். காயல் ஓரத்து வீடு. நேசையன் அத்தான் ஜன்னலோரம் நாற்காலியில், ஜன்னலை அடைத்துக்கொண்டு இருந்தார்.

மூளையில் அடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனது மார்ச்சில். வலது கை, வலது கால் இரண்டும் இன்னும் அரை லீவில்தான் இருக்கின்றன. கம்பு ஊன்றி நடக்கிறார். நாக்கு குழறுகிறது. பேசிப் பேசித்தான் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். இவரோ வாயை ஒரேயடியாகப் பூட்டிவிட்டார். எவர்சில்வர் டம்ளரை மோதிர விரலால் தட்டுவதுதான் இப்போது பாஷை. ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் டீ. மூன்று தட்டு என்றால், வந்த ஆள் போகலாம்.

நான் செருப்பைக் கழற்றியதும் மூன்று தட்டு விழுந்தது.

இவர் யார் என்று எனக்கே நான் எழுதி வைக்க வேண்டியதில்லை, இருந்தாலும் கை எழுதுகிறது. எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வருகிற காணிக்கைப் பொருளை எல்லாம் ஏலம் போடுகிறவர் நேசையன் அத்தான். ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து அதன் குலம் கோத்திரம் சொல்லி, போன வருஷம் அதை வாங்கினவனுக்கு வேலை கிடைத்த கதையும் சொல்லி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து நிறுத்தினால் மைக்கே வேண்டாம், காயல் கடலோடு சேருகிற பொழி வரைக்கும் கேட்கும். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்தான் அவர் வித்தை. அந்த இடைவெளியில் மனுஷன் நம் மனைவியின் முகத்தைப் பார்ப்பார், நாம் தானாகக் கை தூக்குவோம். ஒரு கிழட்டுச் சேவலை நான் அப்படித்தான் வாங்கினேன். அதை வேகவைக்க ஐடா பட்ட பாடு தனிக் கதை.

"என்கிட்டயும் பேசமாட்டேங்காருலே" என்றாள் அக்கா, அடுக்களையில். "வாயத் தொறந்தா நான் அழுதிருவேன்னு நினைக்காரு. ஒரு தடவ அழுதுட்டேன், அதான்."

செப்டம்பர் 10, செவ்வாய்

ஷிஜு இன்று, "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" என்றான். இரண்டுக்கும் மோட்டார் வேறேயாம்.

"மழைக்காலத்துல நல்ல தண்ணி. கோடையில உப்பு. பொழி வெட்டிவிட்டா காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு."

"உப்புக்கே எடுத்துருங்க சார்" என்றான், ஒரு நோயாளியிடம் பேசுகிற குரலில்.

செப்டம்பர் 12, வியாழன்

காலால் திருப்புகிற மோட்டார் இருக்கிறது, கையால் திருப்புகிறதும் இருக்கிறது. கால் என்றால் ஒரு பெடல், வண்டி மாதிரியே. நமக்கு அதுதான் சரி என்று எடுத்த எடுப்பில் சொன்னேன். அப்புறம் வேண்டாம், கைதான் என்றேன். அப்புறம், "ஒத்தக் கையால திருப்ப முடியுமா? அதே கையால வேகமும் கூட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும் சார், பிடியத் திருகினாப் போதும். ஏன் சார், கையில ஏதும் பிரச்சனையா?"

"எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. சும்மா கேட்டேன்."

"எத்தனை பேருன்னு சார் இன்னும் சொல்லல."

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலில் அறிவிப்பு. அக்டோபர் 13 ஸ்தோத்திரப் பண்டிகை. ஏலத்தை இந்த முறை பொருளாளர் மெல்பின் நடத்துவாராம். மெல்பின் நல்ல பிள்ளை. ஆனால் அவர் குரலில் கல்யாண வாழ்த்தும் இரங்கல் செய்தி போலத்தான் வரும்.

வெளியே வில்பிரட் சார் பிடித்துக்கொண்டார். "பெட்ரோல் எஞ்சின் ஏன் வேண்டாம்ப்பா?" என்றார். புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். வாழ்நாளில் பாதியைக் கார் புகையில் கழித்தவன் சொன்னதைக் கேட்டு அவர் தலையசைத்ததுதான் ஆச்சரியம். ஐடாவிடம் மீன் ஓடும் என்றேன், அக்காவிடம் பெட்ரோல் விலை என்றேன், இவரிடம் புகை. இனி வருகிறவர்களுக்குப் புதிதாக ஒன்று யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஷிஜுவுக்குப் போன் போட்டு ஐம்பத்தைந்து பவுண்டு, உப்புத்தண்ணீர், கைப்பிடி என்று சொல்லிவிட்டேன். "அப்போ ரெண்டு பேரு" என்றான். "நான் அப்படிச் சொல்லலியே" என்றேன்.

"பேட்டரி சார்?"

"அது எங்கிட்ட கெடக்கு. டிரைவிங் ஸ்கூல்லா."

"கார் பேட்டரி வேண்டாம் சார். அது வண்டிய ஸ்டார்ட் பண்ண மட்டும். ஒரு உந்து உந்திட்டுப் படுத்துரும். மெதுவா ரொம்ப நேரம் குடுக்கதுக்கு வேற பேட்டரி இருக்கு."

பேட்டரி பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான். சிரித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 21, சனி

மோட்டார் வந்துவிட்டது. அட்டைப் பெட்டியைத் திறந்ததும் ஒரு நீளக் குழாய், அடியில் பம்பரம் மாதிரி சின்ன விசிறி, மேலே கைப்பிடி. கழுத்தில் இரண்டு திருகுப் பிடி. வள்ளத்தின் பின்பக்கத் தட்டைப் பலகையில் வைத்து முறுக்கினால் முடிந்தது வேலை என்று படம் போட்டிருந்தான்.

வள்ளத்தின் பின்பக்கத்துக்குப் போனேன். கூராக இருந்தது. மறுபக்கம் போனேன். அதுவும் கூராக இருந்தது.

மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தேன், ஏதாவது மாறியிருக்குமோ என்று.

ஐடா துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தாள். "என்ன, வள்ளத்துக்குப் பிரதட்சணமா?"

"தட்டையா ஒரு இடம் வேணும்."

"உங்க தலையில வைங்க."

மூன்று வாரம் பவுண்டு, உப்பு, கை, கால் என்று அலசியவன், மோட்டாரை எங்கே மாட்டுவது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கொச்சிக்காரன் கேட்கவில்லை, அவனுக்கு வள்ளம் என்றால் பின்னால் தட்டையாக இருக்கும். எனக்கோ வள்ளம் என்றால் ரெண்டு மூக்கு.

சாயங்காலம் ஒரு கட்டையை அறுத்து, வள்ளத்தின் ஓரப் பலகையில் முன்னால் என்று நான் நினைத்த மூக்கை ஒட்டி போல்ட் போட்டு இறுக்கினேன். பக்கவாட்டில் மோட்டார். வலது பக்கம். ஸ்டியரிங் முன்னால் வலது பக்கம்தானே இருக்கும், கை தானாக அங்கே போய்விட்டது.

படுத்த பிறகுதான் உறைத்தது. வலது. அங்கே கட்டை ஒட்டியாகிவிட்டது, பசையும் போட்டாகிவிட்டது. எனக்கு என்ன, எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

வெள்ளோட்டம். டெம்போவில் ஏற்றி அக்கா வீட்டுக் கரையில் இறக்கினோம். மணக்குடி முழுக்க வந்துவிட்டது. மோட்டாரும் வலது பக்கம், அதைப் பிடிக்க நானும் வலது பக்கம். வள்ளம் ஒரு காது கேட்காத ஆள் மாதிரி சாய்ந்துகொண்டது. பிடியைத் திருகினேன். சத்தமே இல்லை, உண்மையிலேயே இல்லை. சந்தோஷமாக இருந்தது. நேராகப் போகாமல் வட்டம் போட்டது. இன்னும் திருகினேன். இன்னும் வேகமாக வட்டம் போட்டது.

"சார், எட்டு போடுங்க!" என்று கரையிலிருந்து ஒரு குரல். என்னிடம் லைசென்ஸ் எடுத்த எவனோ.

கரைக்கு வந்ததும் ஷிஜுவுக்குப் போன். "மறுபக்கம் கனம் இருக்கணும் சார். அதான் முதல்லேயே கேட்டேன், எத்தனை பேருன்னு."

கிளம்பும்போது அக்கா காதோடு சொன்னாள். "அவரு ஜன்னலத் தொறந்து பாத்துட்டே இருந்தாருலே. சிரிச்ச மாதிரி இருந்து." கொஞ்சம் யோசித்தாள். "தும்மலாவும் இருக்கலாம்."

செப்டம்பர் 29, ஞாயிறு

அத்தானிடம் போய் நின்றேன். டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதனால் வேகமாகப் பேசினேன்.

"அத்தான், எனக்கு உங்க ஒத்தாச ஒண்ணும் வேண்டாம். வள்ளம் சாயுது. கனத்துக்கு ஒரு ஆள் வேணும். மண்ணு சாக்கு வைக்கலாம்னு பாத்தேன், அது நனைஞ்சு நாறும். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு காலத்தில் சபையையே கட்டி ஆண்ட மனுஷனை மண் சாக்குக்குப் பதிலாகக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஒரு தட்டு. இரண்டு தட்டு. மூன்று தட்டு. மூன்றாவதில் டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐடா, "ஒழுங்கா 'வாங்க அத்தான், போவோம்'னு கூப்பிட்டா என்ன?" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நாலு மாசமா ஷெட்டுல பலகை அறுக்கிற ஆளு, இதுவரைக்கும் ஒரு தூண்டில் வாங்கல" என்றாள்.

அட, தூண்டில்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, ஸ்கூல் லீவு. காலையில் அக்கா போன். "லே, உடனே வா. அவரு கட்டியிருந்த சாரம் மாத்தி, தொப்பி போட்டு வாசல்ல இருக்காரு. ஒண்ணும் சொல்லல. நீ நாலு பேரு முன்னால வட்டம் போட்டத நினைச்சு அவருக்கு மானம் போவுது போல."

கார் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பிடித்து வள்ளத்தில் ஏற்றினோம். அவர் மோட்டாரைப் பார்த்தார். அது வலது பக்கம் இருந்தது. தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவர் கம்பை ஊன்றி மெல்லத் திரும்பினார். மோட்டார் பக்கத்திலேயே, ஆனால் பின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். பின்னால் இருந்த மூக்கு முன்னால் ஆகிவிட்டது. வலது பக்க மோட்டார் அவருக்கு இடது கைக்கு வந்துவிட்டது. எதிர்முனையில், மோட்டாருக்கு மறுபக்கமாக, கம்பால் ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினார். சாக்கு வைக்கிற இடம். நான் போய் அவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

என் முகத்துக்கு நேரே ஒருவர் வண்டி ஓட்டுவது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. போகிற திசை என் முதுகுக்குப் பின்னால். எங்கள் காரில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. இங்கே கிடையாது. வள்ளம் நேராகப் போயிற்று. சத்தமே இல்லை. பலகையில் தண்ணீர் உரசுவதும் தூரத்தில் பாலத்தில் ஒரு பஸ் போவதும் கேட்டது.

"லேய்."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"பலகைய... மிதிக்காத. ஓட்டை... ஆவும்."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டேன். கண்ணில் காற்று பட்டு ஒரே எரிச்சல். தண்ணீர் பக்கம் திரும்பி உட்கார வேண்டியதாயிற்று.

அப்புறம் அவர் பேசினார். ஒரு வார்த்தை, ஒரு நீள மூச்சு, இன்னொரு வார்த்தை. "மெல்பினா... ஏலம்?" என்றார். ஆமாம் என்றேன். "அவன்... அடக்கத்துக்குலா... நல்லாருப்பான்" என்றார். பாதி புரிந்தது, மீதியைத் திரும்பக் கேட்டேன். திரும்பவும் சொன்னார். கோபப்படவில்லை. கேட்டு அழ ஆளில்லை, அவசரமும் இல்லை.

நடுக் காயலில் மோட்டார் படுத்துவிட்டது. முனகிவிட்டு நின்றது. பிடியைத் திருகினார், ஒன்றும் இல்லை.

"என்ன... பேட்டரி?"

"கார் பேட்டரி அத்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். துடுப்பு எடுத்து வரவில்லை என்பதையும் அப்போதுதான் சொல்ல வேண்டியிருந்தது.

நீரோட்டத்தில் பொழிப் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தோம். அப்போது சூசையண்ணன் பெட்ரோல் வள்ளத்தில் தடதடவென்று வந்தார். கீழமணக்குடிக்காரர், கரிமீன் பிடிக்கிறவர். எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

அத்தான் ஏதோ சொன்னார்.

"என்னது? கேக்கல!" என்று கத்தினார் சூசையண்ணன்.

அத்தான் கம்பைத் தூக்கி எஞ்சினைக் காட்டினார். சூசையண்ணன் அணைத்தார். காயல் அமைதியாகிவிட்டது. ஆறு மாதமாக அடைத்து வைத்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மனுஷன், ஊர்க்காரன் ஒருத்தன் முகத்துக்கு நேரே வாயைத் திறப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் கால் மறுபடி பலகையை மிதித்தது.

அத்தான் கம்பை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

"ஏலம்" என்றார். லகரம் பாதி கரைந்து போயிருந்தது. "நாட்டு... ஜாண்றோஸ். மூட்டு... தேயாதது. மூளை..." மூச்சு வாங்கினார். "மூளை புதுசு. இதுவரை... எடுத்து... உபயோகிச்சதே இல்ல."

சூசையண்ணன் முதலில் திகைத்தார். அப்புறம் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், கோயில் பெஞ்சில் உட்காருகிற மாதிரி. "ஒரு கெட்டு பீடி!" என்றார்.

"கரை வரை... இழுத்து விடணும். பீடியும்... வேணும்."

"இழுக்கேன், பீடியும் தாறேன். வேற யாரும் கேக்காத சரக்குதான அண்ணாச்சி!"

"ஒரு தரம்" என்றார் அத்தான். கம்பு பலகையில் விழுந்தது. "ரெண்டு தரம்..."

நிறுத்தினார். அந்த இடைவெளி. என் முகத்தைப் பார்த்தார், சூசையண்ணன் முகத்தைப் பார்த்தார், கரையில் கையை நெற்றிக்குக் குடை பிடித்து நிற்கிற அக்காவைப் பார்த்தார். மூணாம் தரம் சொல்லவே இல்லை. கயிறு கட்டி இழுத்துக் கரை சேரும் வரைக்கும் நான் விலை போகாமலேயே இருந்தேன்.

வீட்டுக்குள் ஏறினதும் நாற்காலி, பழைய மனுஷன். அக்கா, "என்ன பேசினீங்க ரெண்டு பேரும்? அங்கயே கண்ணு வலிக்க நின்னேன்" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மோட்டார் நின்றதை மட்டும் சொன்னேன்.

போகலாம் என்று எழுந்தேன். டம்ளரில் ஒரு தட்டு விழுந்தது. இரண்டாவது தட்டு. நான் செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டு நின்றேன். அவர் விரல் டம்ளருக்கு மேலே அப்படியே நின்றது, நின்றது, கீழே இறங்கவில்லை.

"டீயா?" என்றாள் அக்கா. "நீங்க இப்பத்தான குடிச்சீங்க?"

அவர் என் பக்கம் தாடையைக் காட்டினார். செருப்பைக் கழற்றினேன்.

அக்டோபர் 3, வியாழன்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. காலை பேட்ச் பிள்ளைகள் தள்ளிப் பழகினார்கள்.

ஷிஜுவுக்குப் போன் போட்டேன். அந்த வேறு பேட்டரி ஒன்று அனுப்பு, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேணும் என்றேன். சிரித்தான், பாவம், நல்ல பையன். எவ்வளவு நேரம் ஓட வேணும் என்று பார்த்துத்தான் எந்த அளவு என்று சொல்ல முடியுமாம். "அதுக்கும் கனம் தெரியணும் சார். இப்பவாவது சொல்லுங்க, எத்தனை பேரு?"

"ரெண்டு" என்றேன். "ரொம்ப நேரம் ஓடணும். ஒருத்தரு நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாரு."